ட்ரம்பெட் ஊதாத ஐந்து விநாடி

செங்கல்பட்டு
12 மே 2024

அன்புத் தம்பி ஸ்டான்லிக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பது அப்புறம்.

போன சனிக்கிழமை நூலகத்து மாடி ஹாலில் என் நகைச்சுவைக் கதை வாசிப்பு. நாற்பது பேர் வந்தார்கள். நான் தலை நிமிராமல் ஒரு மணி நேரம் வாசித்தேன். என் ஜோக்குக்கு நானே சிரித்ததில் கண்ணாடியெல்லாம் ஈரம். கடைசி வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தால், விழித்திருந்தவர் ஒரே ஒருவர். நெஞ்சு உருகிப்போய், "ஐயா, உங்களுக்குப் பிடித்த இடம் எது?" என்றேன்.

"நானு ஹாலு பூட்டற லட்சுமணன்மா. முடிஞ்சிச்சின்னா சொல்லு, சாவி போட்டுகினு கெளம்பணும்" என்றார்.

உன் மாமா முதல் வரிசையில்தான் இருந்தார். தூங்குகிறவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ராமானுஜம் சார் பாதியில் எழுந்து போனவர்களில் ஒருவர். இருபது வருஷமாக என் கதைகளைத் தம் மாத இதழில் போடுகிற மனிதர். மறுநாள் போனில் கூப்பிட்டார். "அம்மா, நீங்க ஒரு ஜோக் சொல்றீங்க. அப்புறம் அது ஏன் ஜோக்னு சொல்றீங்க. அப்புறம் அதுல இருந்து நாம என்ன கத்துக்கணும்னும் சொல்றீங்க. டிசம்பர் இதழுக்கு ஒண்ணு எழுதுங்க. அதுவும் இப்படியே இருந்தா, நாம நிறுத்திக்கலாம்" என்றார். வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பது என் பிழைப்பு. கதை எழுதுவதுதான் நான். அதை நிறுத்திவிட்டால் ஹெலன் என்று ஒருத்தி எதற்கு?

அந்த மனநிலையில் பஸ்ஸில் வரும்போது உன் டிரம்மர் மணி போனில் ஒரு பதிவை அனுப்பினான். "நம்ம பேண்டுக்கா, மாமல்லபுரம் ஓட்டல்ல. கேட்டுப் பாரேன்" என்று. கேட்டேன். ட்ரம்பெட் ஒரு சின்ன மெட்டைச் சொல்கிறது. மறுபடி சொல்கிறது, வாலை மட்டும் கொஞ்சம் மடித்து. மூன்றாம் முறை பாதியில் நின்றுவிடுகிறது. ஐந்து விநாடி. தட்டில் கரண்டி படும் சத்தம், மணி டிரம்மைப் பிரஷ்ஷால் உரசுகிற ஒலி, அவ்வளவுதான். அப்புறம் ஒரே ஒரு ஸ்வரம், முடிந்தது. மிச்ச மெட்டை என் மண்டைக்குள் நானே பாடி முடித்திருந்தேன். இறங்கவேண்டிய ஸ்டாப் போய்விட்டது.

டேய், நம் வீட்டிலேயே ஓயாமல் பேசுகிற இரண்டு பேர் நீயும் நானும். உன் ட்ரம்பெட்டும் நம் ஜாதிதான், மூச்சு விடாமல் ஊதும். இப்படி நிறுத்த நீ எப்போது கற்றாய்? எனக்கும் சொல்லிக் கொடு. கதையில் அந்த ஐந்து விநாடி எனக்கு வேண்டும். டிசம்பருக்குள் வேண்டும்.

எட்டு முறை போன் செய்தும் நீ எடுக்கவில்லை. "லெட்டர் போடுக்கா" என்று ஒரு மெசேஜ். சரி, போட்டாயிற்று. உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா?

இப்படிக்கு, முழங்கால் நீங்கலாக நலமாயிருக்கும்
ஹெலன் அக்கா


கோவளம்
30 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

நலம். மாமாவின் தூக்கம் நலமா?

போனில் பேசினால் எனக்கு ஒரு "ம்" போடக்கூட நீ இடம் விடுவதில்லை. தாளில் நீ முடித்த பிறகு நான் பேசலாம். அதனால்தான் லெட்டர்.

மணி அனுப்பியதைக் கேட்டேன். நல்ல வாசிப்பு.

எப்படி என்று கேட்டிருக்கிறாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். ஜாஸில் மெட்டை முதலிலேயே சொல்லிவிடுவோம். கேட்கிறவர் அதைப் பிடித்துக்கொண்டார் என்று நம்பவேண்டும். நம்பாதவன்தான் திரும்பத் திரும்ப ஊதுவான். நான் இருபது வருஷம் அப்படித்தான் ஊதினேன்.

அன்புடன்
ஸ்டான்லி


செங்கல்பட்டு
9 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே வெயில் குறைந்தபாடில்லை. மற்றபடி சுகம். தன் வாசிப்பைத் தானே "நல்ல வாசிப்பு" என்று எழுதுகிற அடக்கம் நம் குடும்பத்துக்கே உரியது.

கதை கிடைத்துவிட்டது. திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஆபீஸுக்கு வந்தாள், நாற்பது வயதிருக்கும். பெயர் வேண்டா. வீட்டில் நாலாவது பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகையில் இந்தப் பெயரைப் போட மனசில்லை, ஸ்வாதி என்று மாற்றவேண்டும் என்றாள். பிரமாணப் பத்திரத்தை நான்தான் அடித்தேன். பழைய பெயரில் ஒரு கையெழுத்து, புதுப் பெயரில் ஒன்று. போட்டுவிட்டு எழுந்தாள். என் பேனாவும் அவள் கையோடு போனது. "வேண்டா!" என்று கூப்பிட்டேன். திரும்பினாள்.

நடந்தது இவ்வளவுதான். எழுதினால் பதினாலு பக்கம் வந்திருக்கிறது. இதோடு அனுப்பியிருக்கிறேன். மாமாவிடம் படித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் குறட்டை. ஆனால் அது தாளத்தோடு இருந்தது, அந்த அளவுக்கு முன்னேற்றம்.

படித்துவிட்டு ஒளிக்காமல் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஹெலன்


கோவளம்
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கொஞ்சம் வேலை. உன் முழங்கால் எப்படி?

கதையைப் படித்தேன். வேண்டா உன்னைப் போலவே பேசுகிறாள். வக்கீலும் அப்படியே. டீ கொண்டுவருகிறவரும் உன்னைப் போலவே ஜோக் அடிக்கிறார். நாலு பேர் கொண்ட பேண்டில் நாலு வாத்தியத்தையும் நீயே வாசிக்கிறாய்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டிரம்மர் தனியாக அடிக்கும்போது ட்ரம்பெட்காரன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்ப்பான். சும்மா இருப்பதாக ஜனங்கள் நினைப்பார்கள். அதுவும் வாசிப்புதான். அவன் விட்ட இடத்திலிருந்துதான் நான் எடுக்கவேண்டும், என் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது.

ஸ்டான்லி


செங்கல்பட்டு
30 ஜூலை 2024

டேய் தம்பி,

நலம் எல்லாம் இருக்கட்டும், நீ சொன்னது சுள்ளென்று குத்திற்று. இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் ஆபீஸில் டைப்ரைட்டரை மடியில் வைக்காத குறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வக்கீலுக்குப் பயம் வந்து, "இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார்.

வேண்டா உண்மையில் என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தேன். "பேரு நல்லாத்தான் கீதும்மா. கூப்புட்டவங்க நல்லாக் கூப்புட்டிருந்தா மாத்த வந்திருக்க மாட்டேன்" என்றாள். அவள் சொன்ன இந்த வரியை விட்டுவிட்டு, அந்த இடத்தில் நான் ஒரு பக்கம் ஜோக் எழுதியிருந்தேன்! எடுத்துவிட்டேன். கதை இப்போது பதினொரு பக்கம்.

இன்னொரு சமாசாரம். உங்கள் கோவளத்துச் சபையிலிருந்து பாப்பா இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தாள். "ஸ்டான்லியண்ணன் இந்த வேக்காட்டுல மஃப்ளரு சுத்திகினு சுத்துதுக்கா. ஆராவது கூப்புட்டா மூஞ்ச திருப்பிக்கிது. இன்னா பேஜாரோ" என்றாள். சபையில் இரண்டு கட்சியாம். ஒரு கட்சி காதல் என்கிறது, இன்னொரு கட்சி கடன் என்கிறது. நான் எந்தக் கட்சியில் சேருவது?

பதில் வராவிட்டால் நேரில் வருவேன்.

ஹெலன்


செங்கல்பட்டு
25 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

நேற்று கோவளத்துக்கு வந்தேன். உனக்காக வஞ்சிர வறுவல் கொண்டுவந்தேன். கோவளத்துக்கு மீன் சுமந்து வந்த முதல் பைத்தியம் நானாகத்தான் இருக்கும்.

வீடு பூட்டியிருந்தது. மணல் பக்கம் வந்தேன். நீ ஒரு படகின் விளிம்பில் எனக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தாய். மஃப்ளர் மடியில் கிடந்தது. கையில் பலூன். ஊதினாய், இடது பக்கமாகக் காற்று போய்விட்டது. மறுபடி ஊதினாய். எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டாவது தடவையில் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தாய், பாதி முகத்தால்.

நான் கூப்பிடவில்லை. கேளம்பாக்கத்தில் பஸ் மாறும்போது வறுவலை நானே தின்றுவிட்டேன்.

ஹெலன்


கோவளம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஒரே பக்கம். உன்னுடையதுதானா என்று கையெழுத்தை இரண்டு முறை பார்த்தேன். நீ ஏதாவது கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். நீ கேட்கவே இல்லை. அதனால் சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாக வழிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் இறங்கிக் கிடந்தது. முகவாதம் என்றார்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சில மாதத்தில் திரும்பிவிடுமாம். டாக்டரம்மா சொன்ன மற்ற எல்லாம் மறந்துவிட்டது, அந்த மிச்சக் கால்வாசி மட்டும் மறக்கவில்லை. பேச்சு குழறியது. போனில் பேசினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அதற்காகத்தான் லெட்டர்.

ட்ரம்பெட் என்பது உதடுதான். பித்தளை வெறும் குழாய். என் இடத்தில் படூர்ப் பெண் ஒருத்தி, காயத்ரி, வாசிக்கிறாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஸ்டான்லி


செங்கல்பட்டு
6 செப்டம்பர் 2024

என் தம்பிக்கு,

படித்தேன். அழுதேன். உன் மாமா முழுசாக விழித்துக்கொண்டார், பத்து வருஷத்தில் முதல் முறையாக. "நாளைக்கே போலாம் ஹெலன்" என்றார். "அவன் கூப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னதா இது என்று எனக்கே ஆச்சரியம்.

அந்தப் பதிவை இப்போது கேட்க முடியவில்லை. அந்த ஐந்து விநாடியில்தானே உதடு உன்னைக் கைவிட்டிருக்கிறது? நான் அதைப் போய்க் கலை என்று கொண்டாடியிருக்கிறேன். நீ அதைப் படித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாய். என்னை மன்னித்துவிடு. ஆனாலும் சொல்கிறேன், அது கலைதான். உதடு போன பிறகும் ஒரு ஸ்வரத்துக்குக் காத்திருந்து அதைச் சரியாக வைத்தாயே! நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

அந்தப் படூர்ப் பொண்ணு நல்ல பொண்ணாகவே இருக்கட்டும். அவளுக்கு அந்த நிறுத்தம் வருமா? சின்ன வயசு, மூச்சு நிறைய இருக்கும், ஊதித் தள்ளும். அந்த நாற்காலி உன்னுடையது.

ஒரு ஒப்பந்தம். அக்டோபருக்குள் நான் கதையை முடிப்பேன். டிசம்பருக்குள் நீ மேடையேறவேண்டும். ஒரு ஸ்வரம் வந்தால் போதும், அந்த ஒன்றையே ஊது. நான் விடமாட்டேன், நீயும் விடாதே. பலூன் பாக்கெட் ஐந்து அனுப்பியிருக்கிறேன். "பர்த்டேவாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

இடது கண்ணுக்கு மருந்து விடுகிறாயா?

அக்கா


கோவளம்
18 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கண் இப்போது முழுசாக மூடுகிறது. விசில் வந்துவிட்டது. முதல் விசிலுக்கு ஒரு நாய் திரும்பிப் பார்த்தது. ட்ரம்பெட்டில் மூன்று ஸ்வரம் வருகிறது. நாலாவதை எட்டினால் காற்று ஓரமாக ஓடிவிடுகிறது. காலையில் இருபது நிமிஷம், சாயந்திரம் இருபது. அதற்கு மேல் உதடு நடுங்குகிறது. காயத்ரி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எதிரில் உட்காருகிறாள். என் மூன்று ஸ்வரத்துக்கு அவள் பதில் ஊதுவாள். அப்புறம் நான். மணி வந்தால், "அண்ணாத்த, மூணு ரூபா சில்லறைய வச்சிகினு மூணு நாள் ஓட்டறியே" என்பான்.

பழைய ஸ்டான்லியிடம் நூறு ஸ்வரம் இருந்தது. எதை எங்கே வைப்பது என்று அவன் யோசித்ததே இல்லை. இப்போது ஒவ்வொன்றையும் யோசித்து வைக்கவேண்டியிருக்கிறது.

உன் கதை வந்தது. "திரும்பினாள்" என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு மூன்று பக்கம் இருக்கிறது. அவளைப் பற்றி, பெயரைப் பற்றி, பெண் பிள்ளைகளைப் பற்றி. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். நீ அவளைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று தெரிகிறது. ஆனால் கோடு வரைக்கும் அவளைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

ஸ்டான்லி


செங்கல்பட்டு
5 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

மழை விட்டுவிட்டது. நாங்கள் நலம், வாசலில் முழங்காலளவு நின்ற தண்ணீரும் வடிந்துவிட்டது.

அந்த மூன்று பக்கத்தை வெட்ட எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. முதல் நாள் வெட்டினேன், இரண்டாம் நாள் ஒட்டினேன். ஐந்தாம் நாள் ஒரே ஒரு பத்தியை மட்டும் திருட்டுத்தனமாகச் சேர்த்தேன். அதில் சமூகத்துக்கு ஒரு சின்ன அறிவுரை இருந்தது. மாமாவிடம் படித்துக் காட்டினேன். "திரும்பினாள்" வரைக்கும் விழித்திருந்தார். பத்தி தொடங்கியதும் கொட்டாவி. அந்த வாயைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அனுப்பிய மறுநாள் ராமானுஜம் சார் போன் செய்தார்.

"அம்மா, கடைசிப் பக்கம் விட்டுப்போச்சு போலிருக்கு. 'திரும்பினாள்'னு நிக்குது."

"அவ்வளவுதான் சார்."

சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. எனக்கு வாயெல்லாம் அரித்தது. ஏன் நிறுத்தினேன் என்று விளக்க ஒரு பெரிய உரையே கைவசம் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பொம்பளைக்கு இன்னா ஆச்சுன்னே நெனச்சிகினு இருக்கேன்மா" என்றார். முப்பது வருஷம் பத்திரிகைத் தமிழ் பேசிய மனிதருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது! "போடறேன். ஜனவரிக்கும் ஒண்ணு குடுங்க."

இதழ் நேற்று வந்தது. உனக்கு ஒன்று இதோடு. நான் என் பங்கை முடித்துவிட்டேன், இனி உன் முறை. இருபத்தொன்பதாம் தேதி நீ மேடையேறுகிறாய் என்று மணி சொன்னான், நாங்கள் முன்வரிசையில் இருப்போம். மாமாவுக்கு மதியமே தூங்கிவிடும்படி உத்தரவு போட்டிருக்கிறேன்.

அக்கா


கோவளம்
3 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் புது வருஷ ஸ்தோத்திரம்.

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? மாமா ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை என்று மணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்கு என்னிடம் ஐந்து ஸ்வரம் இருந்தது. ஐந்தையும் வைத்துவிட்டேன். நடுவில் நான் நிறுத்தியபோது ஹாலே நின்றது எனக்குக் கேட்டது. டாக்டரம்மா சொன்ன அந்தக் கால்வாசியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

நான் நிறுத்தியதும் நீ பக்கத்து நாற்காலி அம்மாளின் தொடையைத் தட்டி, "பாத்தீங்களா, இது எங்க தம்பி ஸ்டைலு, வேற ஆருக்கும் வராது" என்றாயாம். அந்த அம்மாள் ஏன் ஒரு மாதிரியாகச் சிரித்தார் என்று போகும்போது என்னைக் கேட்டாய். பஸ் வந்துவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. அவர் காயத்ரியின் அம்மா.

மணி உனக்கு அனுப்பியது ஏப்ரல் 28 ஞாயிற்றுக்கிழமைப் பதிவு. எனக்கு வாய் கோணியது மார்ச்சில். அன்றைக்கு நான் வீட்டில் கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுத்திருந்தேன். ஊதியது காயத்ரி. உன் முதல் கடிதத்துக்கே இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் உன் தம்பி அப்படி ஊதினான் என்று நீ அவ்வளவு சந்தோஷப்பட்டிருந்தாய். எழுத முடியவில்லை. அக்கா நினைக்கிற மாதிரி ஊதிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். தினமும் அந்தப் பதிவைக் கேட்டுத்தான் பழகினேன்.

அந்த ஐந்து விநாடி அவளுக்கு எப்படி வந்தது என்று நேற்று அவளிடமே கேட்டேன்.

வந்த தும்மலை அடக்கினாளாம்.

ஸ்டான்லி